எங்கள் தட்டைச் சோதியுங்கள், முடிவை வெளியிடுங்கள்

பெறுநர்:
இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், புது தில்லி
தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை, சென்னை

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். சேலம் மாவட்டத்தில் வாழப்பாடிக்கும் ஆத்தூருக்கும் இடையே, பாக்குத் தோப்புகள் நிறைந்த ஊர் ஒன்றில், பாக்கு மட்டைத் தட்டு அடிக்கும் சிறிய பட்டறை நடத்துகிறேன். பிளாஸ்டிக் தடைக்குப் பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தவர்களில் நானும் ஒருத்தி. உங்களிடம் எனக்கு இருப்பது ஒரே கோரிக்கைதான். நாங்கள் அடிக்கும் தட்டிலிருந்து சாப்பாட்டுக்குள் ஏதாவது இறங்குகிறதா, இறங்கினால் எவ்வளவு என்பதை அரசு ஆய்வகத்தில் சோதித்து, முடிவு எப்படி வந்தாலும் பொதுவெளியில் வையுங்கள். தமிழிலும் வையுங்கள்.

இந்தக் கோரிக்கைக்கு வித்திட்டது 2025 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுப்பிய அறிவிப்பு. பாக்கு மட்டையில் செய்த தட்டு, கிண்ணம் போன்றவை உணவோடு படும் பொருளாக அங்கே அனுமதிக்கப்பட்டவை அல்ல. மட்டையில் இயற்கையாகவே உள்ள ஆல்கலாய்டுகள் (உடம்பைப் பாதிக்கக்கூடிய தாவர வேதிப்பொருள்கள்) உணவுக்குள் இறங்க வாய்ப்பிருக்கிறது என்று அந்த அமைப்பு தன் மாநில அதிகாரிகளுக்கு எழுதியது. அந்த ஆல்கலாய்டுகளில் ஒன்றான அரிகோலின் என்ற பெயர் அதன் பிறகுதான் எங்கள் பட்டறைகளுக்குள் வந்தது. அதுவரை எங்களுக்குத் தெரிந்த தொல்லைகள் பூசணமும், ஓட்டைத் தட்டும், மின்வெட்டும்தான்.

அறிவிப்பு வந்ததும் எங்கள் வட்டாரத்து வாட்ஸ்அப் குழுக்களில் கோபம் கொப்பளித்தது. பிளாஸ்டிக் கம்பெனிகளின் சதி என்றார்கள். நம் நாட்டுப் பொருளை ஒழிக்கப் பார்க்கிறார்கள் என்றார்கள். வெளிநாட்டு ஆர்டரை நம்பி இயந்திரம் வாங்கியவர்களின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு நாட்டின் உணவுத் துறை, தன் மக்கள் சாப்பிடும் தட்டைப் பற்றிச் சந்தேகம் எழுப்பினால், அதற்குப் பதில் ஆய்வக அறிக்கையாகத்தான் இருக்க முடியும். அந்த அறிக்கை எங்கள் கையில் இல்லை.

இதை ஏற்றுமதிப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பதுதான் எனக்கு அதிக வருத்தம் தருகிறது. கப்பலேறிய தட்டுகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எங்கள் தட்டில் சாப்பிடுகிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். கல்யாணம், காதுகுத்து, கோயில் அன்னதானம், கட்சிக் கூட்டத்து பிரியாணி என்று எல்லாவற்றிலும் எங்கள் தட்டு இருக்கிறது. எனக்கு நெடுநாளாக ஆர்டர் தரும் சமையல் ஒப்பந்தக்காரர் ஒருவர், வளைகாப்புக்குத் தட்டு வாங்க வந்தபோது கேட்டார்: "அம்மா, மாசமாக இருக்கிற பெண்கள் இதில் சாப்பிடலாம்தானே?" ஏழு வகைக் கலவைச் சாதம், நடுவில் உட்கார்ந்து முதலில் சாப்பிடப் போவது கர்ப்பிணி. நியாயமான கேள்வி. "இயற்கைப் பொருள், ஒன்றும் ஆகாது" என்று சொல்லி அனுப்புவது சுலபம். அப்படிச் சொல்ல எனக்கு என்ன ஆதாரம் இருக்கிறது?

பாக்கு வேறு, மட்டை வேறு என்பது உண்மை. மெல்லும் பாக்கு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை உறுதியாகவே வகைப்படுத்தியிருக்கிறது. பாக்கிலுள்ள அரிகோலினை அதே முகமை, புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளவை என்ற, அதைவிடக் குறைந்த பிரிவில் வைத்திருக்கிறது. நாள் முழுவதும் கொட்டையை வாயில் அதக்கி வைத்திருப்பதும், அரை மணி நேரம் காய்ந்த மட்டையில் சோறு போட்டுச் சாப்பிடுவதும் ஒன்றல்ல. அது எனக்கும் தெரியும். ஆனால் எத்தனை மடங்கு வேறு? பத்து மடங்கா, பத்தாயிரம் மடங்கா, அளக்கவே முடியாத அளவா? அந்த எண்ணைச் சொல்லும் இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்.

மரத்திலிருந்து வந்தது, செடியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு பொருள் சாப்பாட்டுக்கு ஏற்றதாகிவிடாது என்பதற்குச் சமீப ஆண்டுகளிலேயே சான்றுகள் இருக்கின்றன. மூங்கில் குவளை, மூங்கில் தட்டு என்று ஐரோப்பாவில் விற்ற பொருள்கள் பலவற்றில் மூங்கில் தூளை மெலமைன் பிசினில் குழைத்து வார்த்திருந்தார்கள். சூடான பானம் ஊற்றினால் மெலமைன், ஃபார்மால்டிஹைடு என்ற வேதிப்பொருள்கள் அதில் இறங்கின. 2021-இல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் சேர்ந்து அவற்றைச் சந்தையிலிருந்து அப்புறப்படுத்தத் தொடங்கின. அமெரிக்காவில் கரும்புச் சக்கை போன்ற நார்க்கூழில் வார்த்த கிண்ணங்களில், எண்ணெய் ஊறாமலிருக்க ஃப்ளோரின் கலந்த வேதிப்பொருள் சேர்த்திருந்தார்கள். மண்ணில் போட்டாலும் அழியாத வகை அது. அந்த வகை எண்ணெய்த் தடுப்பான்கள் இனி உணவுப் பொதிகளுக்காக விற்கப்படவில்லை என்று 2024 பிப்ரவரியில்தான் அந்நாட்டு நிர்வாகம் அறிவித்தது. இங்கே காகிதக் குவளையின் கதையும் அதேதான். அதன் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. 100 மில்லி வெந்நீரை அதில் 15 நிமிடம் வைத்திருந்தால் சுமார் 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் கலக்கின்றன என்று கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் கண்டறிந்தார்கள்.

எங்கள் தட்டில் பிசின் இல்லை, பூச்சு இல்லை, பசை இல்லை. அதனால் எங்களைக் கேள்வி கேட்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கேள்வியைச் சரியான இடத்தில் கேட்க வேண்டும் என்கிறேன். அதற்கு இந்தத் தட்டு எப்படி உருவாகிறது என்பதை நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

பாக்கு மரம் ஆண்டுக்கு ஐந்தாறு மட்டைகளைத் தானாகவே உதிர்க்கும். ஓலை காய்ந்து, தண்டை இறுக்கிப் பிடித்திருக்கும் அடிமட்டை கழன்று, மொத்தமாகக் கீழே விழும். மரத்தை வெட்டவோ, பச்சை மட்டையை உரிக்கவோ தேவையில்லை. முன்பெல்லாம் இதில் பாதி அடுப்புக்குப் போகும், மீதி தோப்பிலேயே மக்கும். மார்கழி தொடங்கிக் கோடை முடியும் வரை விழும் மட்டைதான் நல்ல மட்டை. விழுந்த ஓரிரு நாளில் எடுத்து, ஓலையைக் கழித்து, வெயிலில் காயவைத்துக் கட்டிவைக்க வேண்டும். மழை நனைந்துவிட்டால் கறுப்புப் புள்ளி விழும். எங்கள் வட்டாரத்து மட்டை போதாதபோது கர்நாடகத்திலிருந்து வாங்குகிறோம்.

இங்கேயே முதல் கேள்வி இருக்கிறது. மழை கொட்டும் மலைநாட்டுத் தோப்புகளில், காய் அழுகும் மகாளி நோய்க்கு எதிராகப் போர்டோ கலவை தெளிப்பார்கள். தாமிர உப்பான மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவை அது. குலைக்கு அடிக்கும் மருந்து மட்டையிலும் வழியும். அந்தத் தாமிரம் தட்டு வரை வந்து சேர்கிறதா? அமெரிக்க அறிவிப்பு ஆல்கலாய்டு பற்றியது. ஆனால் சோதிக்க உட்காரும்போது இதையும் சேர்த்தே சோதிக்க வேண்டும் என்று தோட்டத்தை அறிந்தவள் என்ற முறையில் கேட்கிறேன்.

பட்டறைக்கு வந்த மட்டையைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைப்போம். காய்ந்து விறைத்த மட்டை ஊறினால்தான் தோல் போல வளையும். பிறகு இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து, தேய்ப்புக் கட்டையால் இரு பக்கமும் தேய்த்து மண்ணும் பாசியும் போகக் கழுவுவார்கள். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறும். கழுவிய மட்டையை நிறுத்தி வடியவிட்டு, அரை ஈரத்தில் பிரஸ்ஸுக்குக் கொண்டுபோவோம். மேலும் கீழும் சூடேறிய இரும்பு அச்சு. நடுவில் மட்டையை வைத்து இறக்கினால் புஸ்ஸென்று ஆவி கிளம்பும், வேகவைத்த பனங்கிழங்கு வாசனை போல ஒன்று பட்டறை முழுக்கப் பரவும். அச்சு மேலேறும்போது தட்டு தயார். விளிம்பில் சுருண்டிருக்கும் ஓரத்தை வெட்டி எறிந்துவிட்டு, தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்கள். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் ரசம் ஒழுகிவிடும் அல்லவா? ஓட்டை இருந்தால் தனிக் கட்டு. இல்லாவிட்டால் வெயிலுக்கு. ஓரத்துண்டு மாட்டுக்கும் எருக்குழிக்கும் போகிறது.

அந்தத் தேநீர் நிறத் தண்ணீரைப் பற்றித்தான் அறிவிப்பு வந்த நாளிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அரிகோலின் நீரில் எளிதில் கரையக்கூடியது. அப்படியானால் மட்டையில் இருப்பதில் ஒரு பங்கு ஊறும்போதே தொட்டித் தண்ணீரில் இறங்கிவிட வேண்டுமே? எவ்வளவு இறங்குகிறது? அரை மணி நேரம் ஊறினால் எவ்வளவு, ஓர் இரவு ஊறினால் எவ்வளவு? ஒரே தண்ணீரில் நாள் முழுக்க மட்டை மாற்றி மாற்றி ஊறவைக்கும் பட்டறைக்கும், தண்ணீரை மாற்றும் பட்டறைக்கும் வித்தியாசம் உண்டா? அச்சின் சூடு மிச்சத்தைக் குறைக்கிறதா, அப்படியே விட்டுவிடுகிறதா? மங்களா, மோகித்நகர், நாட்டு ரகம் என்று மரத்துக்கு மரம் அளவு மாறுமா? இவற்றுக்கு விடை கிடைத்தால், "இத்தனை மணி நேரம் ஊறவை, இத்தனை முறை தண்ணீர் மாற்று" என்று எல்லாப் பட்டறைக்கும் பொதுவான ஒரு நடைமுறையையே நீங்கள் வகுத்துக் கொடுக்கலாம். தொட்டியும் தண்ணீரும் ஏற்கெனவே எங்களிடம் இருக்கின்றன. செய்ய வேண்டியதை மட்டும் சொல்லுங்கள்.

சோதனையும் நாம் சாப்பிடும் விதத்துக்குப் பொருந்த வேண்டும். குளிர்ந்த கேக்கும் காய்ந்த ரொட்டியும் வைக்கும் தட்டு வேறு. நம் பந்தியில் கொதிக்கக் கொதிக்கச் சாம்பார் விழும். புளி கரைத்த ரசம் விழும். கடைசியில் மோர் ஊற்றிப் பிசைந்து, தட்டைக் கையால் வழித்துத்தான் சாப்பிடுகிறோம். பிரியாணியின் எண்ணெய் மட்டையின் நரம்புக்குள் ஊறும். சூடு, புளிப்பு, எண்ணெய் மூன்றையும் தனித்தனியாகவும் சேர்த்தும், உட்கார்ந்து சாப்பிடும் நேரத்துக்கும், பார்சல் கட்டி இரண்டு மணி நேரம் கழித்துப் பிரிக்கும் நேரத்துக்கும் அளக்க வேண்டும். வெறும் வெந்நீரில் முக்கி எடுத்து முடிவு சொன்னால் நான் ஏற்கமாட்டேன், அது எங்களுக்குச் சாதகமாக இருந்தாலும் சரி.

இதைச் செய்யும் திறமை நாட்டில் இல்லாமல் இல்லை. மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பாக்கு மரத்தை நுனி முதல் வேர் வரை அறிந்த மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் காசர்கோட்டிலும், அதன் பாக்கு ஆராய்ச்சி நிலையம் விட்டலிலும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் கிண்டி உள்ளிட்ட ஆறு இடங்களில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் உள்ளன. அவற்றில் ஒன்று எங்கள் சேலத்திலேயே இருக்கிறது. மரம் அறிந்தவர்களையும் உணவு அறிந்தவர்களையும் ஒரே மேசையில் உட்காரவைக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் வேளாண் துணைப்பொருள்களில் செய்யும் உணவுத் தட்டு, கிண்ணங்களுக்கென்று 2023-இல் ஐ.எஸ். 18267 என்ற தர நிர்ணயத்தை வெளியிட்டது. இலையிலும் மட்டையிலும் செய்யும் பொருளை அரசு அமைப்பு ஒரு பொருளாக மதித்தது எங்களுக்கு உண்மையிலேயே பெருமை. ஆனால் பட்டறை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஆங்கிலத் தர ஆவணத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் வசதி கிடையாது. பிளாஸ்டிக் டப்பா செய்கிறவருக்கு, ஒரு கிலோ உணவுக்குள் மொத்தமாக 60 மில்லிகிராமுக்கு மேல் இறங்கக்கூடாது என்று உங்கள் ஒழுங்குமுறை ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. மட்டைத் தட்டு அடிக்கும் பெண்ணுக்கும், ஆல்கலாய்டு இவ்வளவுக்குமேல் கூடாது, தாமிரம் இவ்வளவுக்குமேல் கூடாது என்று அதேபோல் ஒரு வரி வேண்டும். அந்த வரியை வகுத்த பிறகு, மாதிரியைச் சோதிக்கும் கட்டணம் சிறு பட்டறையை நசுக்காத அளவில் இருக்க வேண்டும். ஒரு மாவட்டத்துப் பட்டறைகள் சேர்ந்து ஒரே மாதிரித் தொகுப்பு அனுப்ப வழி செய்தால் போதும். தனியார் ஆய்வகத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சோதித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால், பெரிய ஏற்றுமதியாளர்கள் மட்டுமே சான்றிதழோடு மிஞ்சுவார்கள்.

தமிழ்நாடு அரசுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 2018 ஜூன் 5 அன்று சட்டமன்றத்தில் அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்தீர்கள். அது சரியான முடிவு. பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளைக்கான தடையை 2023-இல் உச்ச நீதிமன்றமும் நிலைநிறுத்தியது. தடையோடு மாற்றுப் பொருள்களின் பட்டியலையும் அரசு ஊர்தோறும் விளம்பரப்படுத்தியது. வாழை இலை, தாமரை இலை, துணிப்பை, மண்குவளை ஆகியவற்றோடு பாக்கு மட்டைத் தட்டும் அதில் இருந்தது. அந்தப் பட்டியலை நம்பித்தான் வங்கியில் கடன் வாங்கி இயந்திரம் இறக்கினோம். எங்களைப் போன்றவர்களிடம் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பாக்கு வெட்டும் காலம் முடிந்தால் தோப்பில் கூலி இல்லாதவர்கள். அந்த வீடுகளில் பிள்ளைகளின் பள்ளிச் செலவு இந்த பிரஸ்ஸிலிருந்து போகிறது. ஒரு பொருளைப் பயன்படுத்துங்கள் என்று மக்களிடம் சொன்ன அரசுக்கு, அந்தப் பொருளைப் பற்றிக் கேள்வி எழும்போது பதில் தேடித் தரும் கடமையும் இருக்கிறது.

பதில் வரத் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் சந்தை தன் பாட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. முகூர்த்த நாள்களில் வாழை இலை விலை ஏறிவிடும், எல்லோராலும் வாங்க முடியாது. அந்த இடத்துக்கு மட்டைத் தட்டு வந்திருந்தது. இப்போது சந்தேகத்தோடு எங்களைத் தவிர்ப்பவர்கள் எதற்குப் போகிறார்கள் என்று பாருங்கள். வாழை இலை போலவே பச்சையாக அச்சடித்து, மேலே வழவழவென்று பூச்சுப் போட்ட தாளை விரித்துப் பந்தி நடத்துகிறார்கள். நரம்பு, நடுத்தண்டு எல்லாம் தத்ரூபமாக இருக்கும். சுடுசோறு விழுந்ததும் அதன் வாசனையே சொல்லிவிடும். பந்தி முடிந்ததும் அது மண்டபத்தின் பின்பக்கம் குவிந்து, மறுநாள் எரிகிறது. எங்கள் தட்டின் மீதான கேள்விக்கு விடை காணாமல் விட்டதால் மக்கள் அதற்குத் திரும்புவார்களானால், யாருடைய உடம்புக்கும் அதில் பாதுகாப்பு இல்லை.

முடிவு எங்களுக்கு எதிராக வந்தால் என்ன செய்வாய் என்று என் கணவரே கேட்டார். பந்திக்கான சாப்பாட்டுத் தட்டு அடிப்பதை நிறுத்துவேன். அதே அச்சை மாற்றி நாற்றுத் தொட்டி, காய்கறி அடுக்கும் தட்டம், பொருள் கட்டும் பெட்டி என்று சமைத்த உணவு படாத வேலைகளுக்குப் போவேன். வருமானம் குறையும், கடன் இழுக்கும். அதைத் தாங்கிக்கொள்ள வழி தேடலாம். யாரோ ஒரு கர்ப்பிணியின் தட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே விற்றுக்கொண்டிருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முடிவு சாதகமாக வந்தால், அந்த அறிக்கையை லேமினேட் செய்து பட்டறை வாசலில் மாட்டுவேன். தட்டுக் கட்டு ஒவ்வொன்றிலும் அதன் எண்ணை அச்சடிப்பேன். அமெரிக்க அதிகாரிகளிடம் மறுபரிசீலனை கேட்பதற்கும் அதைவிட வலுவான ஆவணம் வேறு இருக்க முடியாது.

ஆய்வு தொடங்குவதாக இருந்தால் மாதிரிக்கு நீங்கள் அலைய வேண்டாம். சென்ற கோடையில் விழுந்த மட்டை, மழையில் நனைந்த மட்டை, கர்நாடகத்திலிருந்து வந்த மட்டை மூன்றையும் தனித்தனிக் கட்டாகச் சீட்டு எழுதி வைத்திருக்கிறேன். ஊறவைக்கும் முன் எடுத்த துண்டு, ஊறிய பின் எடுத்த துண்டு, அடித்து முடித்த தட்டு, தொட்டித் தண்ணீர் என்று எந்தக் கட்டத்தில் எது வேண்டுமானாலும் உங்கள் அலுவலர் தம் கையாலேயே எடுத்துப் போகலாம். முன்கூட்டிச் சொல்லாமல் வந்தாலும் சரி. வேலை நாள்களில் காலை எட்டு மணிக்கு பிரஸ் சூடாகிவிடும்.

இப்படிக்கு,
பாக்கு மட்டைத் தட்டுப் பட்டறை நடத்தும் ஒரு பெண்,
சேலம் மாவட்டம்